சமய வகுப்புக்கு ஆம்ப்ளிபையர்: எத்தனை வாட் வேணும்?



சமய வகுப்பு நடக்கும் பின் மண்டபத்துக்கு ஒரு குடும்பத்தார் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கர் உபயமாகக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் புத்தக அலமாரியில் வைக்கிற அளவு, நல்ல சாமான். ஆனால் ஆம்ப்ளிபையர் இல்லை. 400 ரிங்கிட்டுக்குள் ஒன்று பார்க்கச் சொல்லி நிர்வாகம் எங்கள் தொண்டர் குழுவிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கு. அன்னைக்கே வாட்ஸ்அப்பில் ஆரம்பிச்சிட்டாங்க: "அண்ணே, 1000 வாட் வாங்கிடுங்க, கோயில்னா சத்தம் வேணும்!"

எனக்கு வேற கவலை. கடைசி வரிசைப் பாட்டிமார்கள் ரொம்ப நாளா சொல்றது இதுதான்: "சத்தம் கேக்குது தம்பி, வார்த்தைதான் புரியல." தேவாரம் சொல்லிக் கொடுக்கிற இடத்தில் வார்த்தை புரியலைன்னா என்ன பிரயோஜனம்? அதனால் கணக்கை எல்லாருக்கும் தெரியும்படி எழுதுகிறேன். இது உங்கள் காணிக்கைப் பணம்.

முதலில் ஸ்பீக்கரின் முதுகைப் பாருங்கள். நம்முடையதில் 86 டெசிபல், 8 ஓம் என்று போட்டிருக்கு. அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் சத்தம் வரும். தூரம் இரட்டிப்பாகும்போது சுமார் 6 டெசிபல் குறையும். 4 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 74. அதே இடத்தில் 10 வாட் கொடுத்தால் 84. நாலு சுவருக்குள் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். நான் பேக்டரியில் வேலை செய்கிறவன். நம் நாட்டில் 2019-ல் வந்த சத்த விதிமுறைப்படி 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல்தான் எல்லை. வெறும் 10 வாட்டிலேயே நாம் அங்கே போய் நிற்கிறோம்!

50 வாட்டை 100 வாட் ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்கு ஆகாது, 3 டெசிபல்தான் கூடும். காசுதான் இரண்டு மடங்கு ஆகும். ஆனா ரொம்பச் சின்னதும் கூடாது. தாளமும் மிருதங்கமும் திடீர்னு எழும்பும். சக்தி போதாத ஆம்ப்ளிபையரை முழுசாத் திருகினால் குரல் கரகரக்கும், ட்வீட்டர் எரியும். ஒரு பக்கத்துக்கு உண்மையான 30 முதல் 50 வாட் நமக்குத் தாராளம்.

"உண்மையான" என்று ஏன் சொல்கிறேன்? பெட்டியில் 300 வாட் என்று அச்சடித்த சின்ன ஆம்ப்ளிபையர்கள் இணையத்தில் நிறைய. கூட வரும் அடாப்டரைப் பாருங்கள். 24 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 72 வாட். உள்ளே போவதே 72 என்றால் தொடர்ந்து 300 எப்படி வெளியே வரும்? இரண்டு பக்கத்துக்கும் பிரித்து, சூடாகப் போவதையும் கழித்தால் பக்கத்துக்கு 30 வாட் சொச்சம். நமக்கு அதுவே போதும். அந்த 300 என்ற எண்ணுக்குக் காசு கொடுக்காமல் இருந்தால் சரி. அடாப்டரில் சிரிம் முத்திரை இருக்கான்னும் பாருங்கள். பிள்ளைகள் நடமாடும் இடம்.

பழைய ஜப்பான் ஆம்ப்ளிபையர் வாங்கலாம் என்று ஒரு ஐயா சொன்னார். நல்ல யோசனை, உழைக்கும். ஆனால் ஜப்பான் நாட்டுக்காகச் செய்தது 100 வோல்ட் மின்சாரத்துக்கானது. நம் சுவரில் நேராகச் செருகினால் புகைதான். பின்னால் 230 அல்லது 240 வோல்ட் என்று இருக்கணும். வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரப்பு வரக்கூடாது.

முன்வாசல் ஹார்ன் ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிபையரில் இதையும் மாட்டிடலாமே என்று கேட்டார்கள். வேண்டாம். அது 100 வோல்ட் லைன். அதற்கான டிரான்ஸ்பார்மர் இந்தச் சின்ன ஸ்பீக்கரில் கிடையாது. அதே மாதிரி, பின்னாளில் இன்னும் ஸ்பீக்கர் கிடைத்தால் இதோடு சேர்த்து முறுக்காதீர்கள். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரை இணையாக மாட்டினால் 4 ஓம் ஆகும், நாலு மாட்டினால் 2 ஓம். ஆம்ப்ளிபையர் கொதிச்சு நின்னுடும்.

இன்னொரு விஷயம், வீட்டு ஆம்ப்ளிபையரில் பெரும்பாலும் மைக் துளை இருக்காது. நடுவில் ஒரு சின்ன மிக்சர் வேணும். ஆகவே 400 ரிங்கிட்டையும் ஆம்ப்ளிபையரில் கொட்டாமல், மிக்சருக்கும் நல்ல மைக்குக்கும் பங்கு வைக்கப் போகிறோம். ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுத்து, தரையில் உட்காருபவர் தலைக்குச் சற்று மேலே, பாட்டிமார்களுக்குப் பக்கத்தில் வைப்போம். மண்டபம் முழுக்க டைல்ஸ். சத்தம் கூடக் கூட எதிரொலியும் கூடி வார்த்தையை விழுங்கிவிடும்.

வாங்கியதும் எப்படிச் சோதிப்பது? கந்த சஷ்டி கவசம் போட்டுப் பார்க்காதீர்கள். அது நமக்கு மனப்பாடம். பாதி கேட்டாலும் மீதியை மனசே நிரப்பிக்கும். ஒரு பிள்ளையை அன்றைய தமிழ் நாளிதழில் ஒரு செய்தி வாசிக்கச் சொல்லி, கடைசி வரிசைப் பாட்டியிடம் "என்ன செய்தி பாட்டி?" என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் அந்த ஆம்ப்ளிபையர் போதும். கோயிலுக்குப் பின்னால் உள்ள தாமானில் எஸ்.பி.எம். படிக்கும் பிள்ளைகளுக்கும் தொந்தரவு இருக்காது.

வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல மிக்சர், மைக் யாரிடமாவது இருந்தால் அலுவலகத்தில் சொல்லுங்கள். மிச்சமாகும் காசு அன்னதானத்துக்குப் போகும்.

முருகன் துணை. 🙏