திசை மறவாப் பொருள்கள்
(இளம் அறிவியல், இயற்பியல், மூன்றாம் ஆண்டு)

காந்தத்தால் தேய்த்த ஊசியும் காந்தமாவதை நாம் அறிவோம். தேய்த்த காந்தத்தை அப்பால் எடுத்த பின்னும் அத்தன்மை ஊசியில் நிற்கிறது. மின்சாரத்திலும் இப்படி நன்றி மறவாப் பொருள்கள் உண்டா? உண்டு. அவையே ஃபெர்ரோமின் பொருள்கள். மின்புலம் செலுத்தினால் அவற்றின் மின்முனைவு ஒரு திசையில் நிற்கும். புலத்தை நீக்கினாலும் மாறாது. எதிர்ப்புலம் கொடுத்தால் தலைகீழாகும். மேல், கீழ் என்னும் இவ்விரு நிலைகளையே 1, 0 எனக் கொண்டால், மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகம் கிடைத்துவிடுகிறது.

1920-இல் இப்பண்பைக் கண்டறிந்தவர், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஜோசப் வாலசெக். அவர் ஆராய்ந்ததோ பேதி மருந்தாக வழங்கிவந்த ரோஷல் உப்பின் படிகம்! "இயற்பியல் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று ஊரில் கேட்போருக்கு நான் சொல்லும் விடை இந்த உப்புதான்.

படலம் மெலிய மெலிய, அதன் பரப்புகளில் தோன்றும் மின்னூட்டமே எதிர்ப்புலமாகி முனைவைக் குலைக்கும். எனவே ஓரிரு அணுத் தடிப்பில் இப்பண்பு நிலைக்காது என்றே பலரும் நெடுங்காலம் கருதினர். 2021-இல் போரான் நைட்ரைடு அந்த எண்ணத்தை மாற்றியது.

அதைப் புரிந்துகொள்ள, விடுதி அறையில் இரண்டு எண்ணெய்த் தாள்களில் தேன்கூடு போன்ற அறுகோணங்களை வரைந்தேன். போரானுக்குச் சிவப்புப் புள்ளி, நைட்ரஜனுக்கு நீலம். ஒரு தாளில் மேலும் இல்லை, கீழும் இல்லை. இரண்டையும் ஒரே திசையில் அடுக்கிச் சற்றே நகர்த்தினேன். சிவப்பின் மேல் நீலம் அமர்ந்தது. மற்றப் புள்ளிகள் வெற்றிடத்தை நோக்கின. உண்மையான ஏடுகளில் இந்த அமைப்பே மின்னூட்டத்தை ஒரு பக்கம் சாய்த்து முனைவை உண்டாக்குகிறது. மின்புலத்தின் தூண்டலால் ஓர் ஏடு ஒரு பிணைப்பின் நீளம், அதாவது சுமார் 0.145 நானோமீட்டர், வழுக்கினால் போதும்; மேல் கீழாகிவிடும். அணுக்கள் ஏட்டை விட்டு எழுவதில்லை. ஏடே பக்கவாட்டில் நகர்கிறது. அறை வெப்பநிலையிலேயே இது நிகழ்கிறது.

இன்னும் சில திங்களில் நான் இக்கல்லூரியை விட்டுச் செல்வேன். என்னுடன் சேர்ந்தவர்களில் சிலர் குடும்பச் சுமையால் இடையிலேயே வேலைக்குப் போய்விட்டனர். நாளை என்னையும் அச்சுமை அழைக்கலாம். மூன்றாண்டுகள் நம்மைத் திருப்பிவிட்ட ஆசிரியர்களின் கை விலகிய பின், அத்திசை நம்மில் நிற்குமா? மேல் கீழாவதற்குச் சிறு நகர்வே போதும். கீழ் மேலாவதற்கும் அதே நகர்வுதான் வேண்டும். நண்பர்களே, புலம் நீங்கிய பின்னும் நிற்பதன்றோ கல்வி!