ரங்கூனில் குப்பை அள்ள ஆளில்லை

போர் என்றதும் எல்லோருக்கும் பீரங்கி ஞாபகம் வரும். எனக்கு ரங்கூன் நகரத்துக் குப்பைதான் ஞாபகம் வருகிறது.

1931 கணக்கெடுப்பின்படி அந்த ஊரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்ததும் தெருவைக் கூட்டியதும் பெரும்பாலும் பிழைக்கப் போன தெலுங்கர்கள், தமிழர்கள் போன்றவர்கள்தான். 1930 கலவரத்தில் அடிபட்டுச் செத்ததும் அவர்கள்தான்.

1941 டிசம்பர் 23. ஜப்பான் விமானங்கள் வந்தபோது பலர் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குண்டு விழுந்தது. கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும். கூலிக்காரர்கள் மூட்டை கட்டி இந்தியாவுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். கப்பலில் சரக்கு இறக்கவும் குப்பை அள்ளவும் ஆளில்லை. வழியில் மடக்கி, வேலைக்குத் திரும்பச் சொன்னது அரசாங்கம். பலர் திரும்பினார்கள். 1942 மார்ச்சில் நகரமே விழுந்தது.

'ஏன் வந்தாய்' என்று கேட்ட ஊர், 'ஏன் போகிறாய்' என்றும் கேட்டது. 'உனக்குப் பயமாக இருக்கிறதா' என்று மட்டும் கேட்கவேயில்லை.