மூன்று எல்லை தாண்டும் சாலை

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி சுமார் 40 கிலோமீட்டர். கோலியனூர், வளவனூர் வரைக்கும் தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்துவிட்டால் புதுச்சேரி, திருபுவனையும் அப்படித்தான். அடுத்த கண்டமங்கலம் மறுபடியும் விழுப்புரம் மாவட்டம். அரியூர், வில்லியனூர் என்று போனால் திரும்பவும் புதுச்சேரி. ஒரே சாலையில் மூன்று முறை எல்லை தாண்டுகிறோம். வெளியூர்க்காரர் கடைப் பலகையின் கீழே உள்ள முகவரியைப் படித்தால்தான் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று தெரியும்.

18-ம் நூற்றாண்டில் நவாபுகளும் பிரெஞ்சுக் கம்பெனியும் ஊர் ஊராகக் கொடுத்து வாங்கியதன் மிச்சம் இது. 1954 அக்டோபர் 18 அன்று வில்லியனூருக்குப் பக்கத்துக் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். பிரெஞ்சுக்காரர் போனார்கள்; அவர்கள் காலத்து எல்லை போகவில்லை.

பெல்ஜியமும் நெதர்லாந்தும் பின்னிக்கிடக்கும் பார்லே என்ற ஊரும் இப்படித்தான். அங்கே நடைபாதைக் கல்லிலேயே எல்லைக்கோடு பதித்து, இந்தப் பக்கம் எந்த நாடு, அந்தப் பக்கம் எந்த நாடு என்று எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு: ஜெர்மனியில் காரில் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும், சுவிட்சர்லாந்தின் விரைவுச் சாலையில் ஏறக் கட்டணம் கட்ட வேண்டும். ஆனால் எந்த விதியையும் புறப்படும் முன்பே படித்துக்கொள்ளலாம்.

நம் சொந்தக் காருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ஒரு மாநிலப் பதிவு நாடு முழுக்கச் செல்லும். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால்தான் அந்த ஊர் எண்ணுக்கு மாற்ற வேண்டும். வாடகைக் காருக்குப் பெர்மிட் பார்ப்பார்கள்.

வினை பாட்டிலில்தான் இருக்கிறது. புதுச்சேரியில் பில் போட்டு வாங்கிய மதுவே ஆனாலும் அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். திண்டிவனம் சாலையில் காவலர் கையைக் காட்டி, “டிக்கியைத் திறங்க சார்” என்று சொன்ன பிறகுதான் பலருக்கு இது தெரிகிறது. பாட்டிலோடு வண்டியும் போகலாம். பிடிபட்ட வாகனங்களை ஏலம் விடும் அறிவிப்பு விழுப்புரம் மாவட்டச் செய்திகளில் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் இருசக்கர வண்டிகள். கடத்தல்காரனைப் பிடிக்கட்டும், நியாயம். தெரியாமல் வந்தவன் பிழைப்புக்கு வைத்திருந்த வண்டியை இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

2020 பொதுமுடக்கத்தில் இதே எல்லையில் தடுப்பு வைத்து மறித்தார்கள். திண்டிவனத்துக்காரருக்குப் பெரிய வைத்தியம் என்றால் புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைதான். தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். அந்தத் தூரத்துக்கு அன்று இ-பாஸ் கேட்டார்கள். வழக்கமாக ஆசுபத்திரிக்குப் போய் வந்தவர்களுக்கு, தாங்கள் இத்தனை காலமும் வேறொரு அரசின் ஊருக்குப் போய் வந்தது அன்றைக்குத்தான் உறைத்தது.

மதகடிப்பட்டிலும் கண்டமங்கலத்திலும் கோரிமேட்டிலும் ஆள் உயரப் பலகை வைக்க வேண்டும்: இங்கிருந்து எந்த மாநிலம், எதைக் கொண்டுபோகக் கூடாது, மீறினால் என்ன தண்டனை. தமிழில், பெரிய எழுத்தில், இரவில் வண்டி வெளிச்சத்திலும் தெரிகிற மாதிரி.