மூன்று பவுண்டு



அமெரிக்காவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். போன ஞாயிறு ஒரு கார் பந்தயம் பார்த்தேன். என்னிடம் பிளஸ் டூவில் இயற்பியல் படித்த ஒருவன் ஓட்டினான். பரிசுப் பணத்துக்காக ஓட்டும் பந்தயம் இல்லை. வாரம் முழுக்க ஆபீஸ் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை சொந்தக் காசைச் செலவழித்து ஓட்டுவது. பிரிவின் பெயர் ஸ்பெக் மியாட்டா. எல்லாமே மாஸ்டா மியாட்டா என்ற இரண்டு சீட் கார்கள்.

"எல்லாம் ஒரே கார்தானே, எடை எதற்குப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"ஒரே கார் இல்லை சார்" என்றான். 1990-ல் வந்ததில் 1.6 லிட்டர் இன்ஜின், 116 குதிரைத்திறன். 1999-ல் வந்ததில் 1.8 லிட்டர், 140. அப்படியே விட்டால் பழைய கார் பின்னாலேயேதான் வரும். அதனால் புதிய காருக்குக் குறைந்தபட்ச எடை அதிகம். போதாததற்கு, இன்ஜினுக்குக் காற்று போகும் வழியில் சின்னத் துளை உள்ள ஒரு தகட்டையும் வைத்து அதன் சக்தியைக் குறைக்கிறார்கள். விசை, நிறை, முடுக்கம் என்று நான் கரும்பலகையில் எழுதியதுதான்!

ஓட்டுநரையும் சேர்த்துத்தான் எடை. காரும் ஆளும் சேர்ந்து ஆயிரம் கிலோவைக் கொஞ்சம் தாண்டும். இவன் 60 கிலோ ஒல்லி. பக்கத்து சீட் இருந்த இடத்தில் ஈயத் துண்டுகளை போல்ட் போட்டு முடுக்கியிருந்தான். ஒல்லியாக இருப்பது குற்றமா என்று எனக்குக் கோபம் வந்தது. அவனே விளக்கினான். எல்லையைக் கீழே வைத்தால் 95 கிலோ ஆள் அதைத் தொடவே முடியாது. காரில் கிலோ கிலோவாகக் குறைக்கப் பணத்தைக் கொட்ட வேண்டும். எல்லை மேலே இருந்தால் ஒல்லி ஆளுக்குச் செலவு கொஞ்சம் ஈயம்தான். சரிதான் என்று பட்டது. ஃபார்முலா ஒன்றிலும் 2019-ல் ஓட்டுநரும் சீட்டும் சேர்ந்து 80 கிலோவாவது இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். உயரமான ஓட்டுநர்கள் பட்டினி கிடந்தது போதும் என்று.

அன்று அவன் இரண்டாவதாக வந்தான். முடிந்ததும் அவனைக் காரிலேயே உட்கார வைத்து, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எடை பார்த்தார்கள். மூன்று பவுண்டு குறைவு, ஒன்றரைக் கிலோ கூட இல்லை. பெட்ரோலைக் குறைத்துக் கணக்குப் போட்டுவிட்டான். டாங்கில் இரண்டு லிட்டர் மீதி இருந்திருந்தால் தப்பியிருப்பான். தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள்.

எடை பார்த்த அம்மாவிடம் போய் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். "சார், அரையாண்டுத் தேர்வில் எனக்கு 34 போட்டு ஃபெயில் ஆக்கினீங்களே, ஞாபகம் இருக்கா? எங்க அப்பா வந்து கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ராத்திரி அவன் வீட்டில் தோசை சாப்பிட்டோம். அடுத்த பந்தயத்துக்கு ஐந்து பவுண்டு ஈயம் கூடுதலாக வைக்கப் போகிறானாம். பத்தாக வை என்றேன்.