இடைப்பருவத்தார்க்கு எந்நூல் கொடுப்பது?

பன்னிரண்டு வயதிற்கும் பதினைந்து வயதிற்கும் இடைப்பட்டோரை எப்பெயரால் அழைப்பது என்று நமது இலக்கிய உலகம் இன்னும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை. சிறுவர் என்றால் அவர்கள் முகஞ் சுளிப்பர். பெரியோர் என்றால் நாம் நகைப்போம். பெயரே அமையாத பருவத்தார்க்கு நூல்கள் அருகியிருப்பதில் வியப்பில்லை. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் முதலானோர் பாடிய சிறுவர் பாடல்கள் நம்மிடம் உள. அவை ஐந்தாம் வகுப்போடு பிள்ளைகளை விட்டு நீங்குகின்றன. க.பொ.த. உயர்தர வகுப்பிற் தமிழ் கற்போர்க்கு நாவல், சிறுகதை, திறனாய்வு யாவும் உள. இவ்விரண்டிற்கும் நடுவே சில ஆண்டுகள் வெறுமையாய்க் கிடக்கின்றன. ஒருவர் வாழ்நாள் முழுவதும் வாசகராய் இருப்பதும் வாசிப்பையே கைவிடுவதும் பெரும்பாலும் இவ்வாண்டுகளிலேயே தீர்மானமாகின்றன என்பது, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியத் தொழில் புரிந்த எனது அநுபவம். இக்கட்டுரை ஓர் ஆய்வு அன்று. நூல் தெரிவில் நான் தவறிய கதையும், அத்தவறு எனக்குக் கற்பித்தவையும் இதன் பொருளாகும்.

எனது இளமைக்காலத்தில் எனக்கு நூல் தெரிந்து தந்தவர் எவருமிலர். ஊர் வாசிகசாலையிற் கிடைத்த அம்புலிமாமாவே முதல் ஆசான். 1947 இல் தொடங்கிய அச்சஞ்சிகையின் வேதாளக் கதைகளை மாதந்தோறும் எதிர்பார்த்திருந்த தலைமுறை எம்முடையது. ஆயின் பதின்மூன்று வயதானபோது அக்கதைகள் அலுத்துவிட்டன. அந்நாளிற் பெரியம்மாவின் தகரப் பெட்டியில், 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரின் பக்கங்கள் கிழித்துச் சேர்த்துத் தைக்கப்பட்டுக் கிடக்கக் கண்டேன். பெட்டியைத் திறக்க எனக்கு அநுமதி இல்லை. மத்தியானத்தில் அவர் கண்ணயரும் வேளை பார்த்தே வாசித்தேன். நடுவே ஏழெட்டு வாரத்துப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது. அவ்விடங்களில் என்ன நடந்திருக்கும் என்று நானே கதை கட்டிக்கொண்டேன். பல ஆண்டுகளின் பின் முழுநூலையும் வாசித்தபோது, கல்கி எழுதியதினும் நான் கட்டியதே எனக்கு நெருக்கமாய் இருந்தது.

அதன் பின்னர், 1970களின் முற்பகுதியிற் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அதனால் ஏற்பட்ட இடத்தை நிரப்பியவற்றுள் வீரகேசரிப் பிரசுரங்கள் முதன்மையானவை. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ 1973 இல் வெளிவந்தபோது, நாங்கள் கேட்டு வளர்ந்த பேச்சும் எங்கள் கடலும் அச்சிலே வரக்கண்டு அடைந்த கிளர்ச்சியை இன்றும் மறந்திலேன். அதுவரை கதை மாந்தர் எல்லாரும் காவிரிக் கரையிலோ சென்னை மாநகரிலோ வாழ்பவர் என்றே என் உள்மனம் கருதியிருந்தது போலும்.

இவ்வளவும் என் வாழ்வில் நிகழ்ந்தவை. எனினும், பிறர்க்கு நூல் தெரியும் பொறுப்பு என் கைக்கு வந்தபோது இவற்றுள் ஒன்றேனும் என் நினைவுக்கு வரவில்லை.

2011 ஆம் ஆண்டு நான் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை ஒன்றிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் முடிந்து ஈராண்டே ஆகியிருந்தது. பாடசாலையின் பழைய நூலகத்தில் எஞ்சியது ஒன்றுமில்லை. வெளிநாட்டிலிருந்த பழைய மாணவர் சிலர் 25,000 ரூபா அனுப்பி, எட்டாம் ஒன்பதாம் வகுப்பினர்க்கு நூல் வாங்குமாறு கேட்டனர். அதிபர் அப்பணியை என்னிடம் ஒப்படைத்தார். நான் யாழ்ப்பாணம் சென்று புத்தகசாலைகளில் ஒரு முழுநாளைக் கழித்து 112 நூல்களுடன் மீண்டேன். திருக்குறள் உரைகள், நீதிக்கதைத் திரட்டுகள், பெரியோர் வரலாற்றுச் சுருக்கங்கள், பொது அறிவு வினாவிடைகள், கட்டுரைக் கோவைகள் ஆகியவையே அவற்றுட் பெரும்பாலானவை. அவற்றைத் தட்டுகளில் அடுக்கிவிட்டு நின்று பார்த்தபோது உள்ளம் பெருமிதமுற்றது.

மூன்று மாதங்களின் பின் இரவல் பதிவேட்டைப் புரட்டினேன். ஒன்பது பதிவுகளே இருந்தன. அவற்றுள் ஐந்து, பேச்சுப் போட்டிக்கு ஆயத்தஞ் செய்வதற்காக வினாவிடை நூல்களை எடுத்துச் சென்றவை. எஞ்சிய நான்கும் ஆசிரியர் பெயரில் இருந்தன.

பிள்ளைகளுக்கு வாசிப்பிற் பற்றில்லை என்று முடிவுகட்டுவது எளிது. நானும் முதலில் அவ்வாறே கூறித் திரிந்தேன். அம்முடிவை அசைத்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. இடப்பெயர்வினால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காகப் பாடசாலைக்குச் செல்லாதவள் அவள். பதினான்கு வயதிலும் எழுத்துக் கூட்டியே வாசித்தாள். அவளுடைய வாசிப்புத் திறனுக்கு ஏற்றது எனக் கருதி, பெரிய எழுத்தில் அச்சிட்ட, முயலும் ஆமையும் உரையாடும் படக்கதை ஒன்றை அவள் கையிற் கொடுத்தேன். அவள் மறுநாள் அதனைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“சேர், இதை நான் தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டினனான். அவளுக்கு நல்ல விருப்பம். எனக்கு வேறை ஏதும் தாங்கோ.”

அவள் குரலிற் கோபம் இல்லை. என்னைப் புண்படுத்தாமற் சொல்லவேண்டுமே என்ற கவனம் மட்டும் இருந்தது. நான் வெட்கமுற்றேன். தாயுடன் விறகு வெட்டி, வரிசையில் நின்று நிவாரணம் பெற்று, தங்கையைக் கிடங்கினுள் அணைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு, அவள் எழுத்துக் கூட்டும் வேகத்தை அளந்து ஆமைக்கதை கொடுத்திருந்தேன்.

நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் சீர்காழி இரங்கநாதன் 1931 இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள், வாசகர் ஒவ்வொருவர்க்கும் உரிய நூலைச் சேர்ப்பிப்பது ஒன்று. நூல் ஒவ்வொன்றிற்கும் உரிய வாசகரைக் கண்டடைவது இன்னொன்று. விதிகளை நான் அறிந்திருந்தேன். வாசகர்க்கு இரண்டு வயது உண்டு என்பதையே அறியாதிருந்தேன். எழுத்தை வாசிக்கும் வயது ஒன்று. வாழ்வை அறிந்த வயது மற்றொன்று. இடைப்பருவத்தில் இவ்விரண்டும் ஒத்து நிற்பது அரிது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளில் முன்னது முந்தி நிற்கும். எமது வகுப்பிற் பின்னதே வெகுதூரம் முந்தியிருந்தது. இத்தகையோர்க்கு வேண்டுவது மொழியால் எளியதும் பொருளால் முதிர்ந்ததுமான நூல். நானோ பொருளால் எளியதும் மொழியாற் கடியதுமான நூல்களை மூட்டை மூட்டையாக வாங்கி வந்திருந்தேன். நீதிக்கதைத் திரட்டு என்பது அதுவன்றிப் பிறிதில்லை.

அடுத்த முறை நான் தனியே கடைக்குச் செல்லவில்லை. வகுப்பில் நான்கு மாணவரைத் தெரிந்து, அதிபரின் அநுமதியுடன் அழைத்துச் சென்றேன். அவர்கள் நூல்களைத் தெரிந்த முறை எனக்கு ஒரு பாடம். முன்னட்டையைப் பார்த்தனர், பின் முதற்பக்கத்தை மட்டும் வாசித்தனர். முதற்பக்கத்தில் யாரேனும் எங்கேனும் போகவில்லையாயின், ஏதேனும் தவறிப்போகவில்லையாயின், நூலை வைத்துவிட்டனர். கதைத்தலைவர் தம்மினும் இளையவராயின் தொடவே இல்லை. ஓரிரு வயது மூத்தவராயின் விரும்பினர். மிகத் தடித்த நூலையும் மிக நெருங்கிய அச்சையும் ஒதுக்கினர். ஒருவன் 1972 இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் வரிசையின் ‘இரும்புக்கை மாயாவி’யைக் கேட்டான். நான் தயங்கினேன். பெரியம்மாவின் தகரப் பெட்டி நினைவுக்கு வந்தது; வாங்கிக் கொடுத்தேன்.

அம்முறை வாங்கியவற்றுள் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘மடோல் தூவ’ நாவலின் தமிழ்ப் பெயர்ப்பும் ஒன்று. 1947 இற் சிங்களத்தில் வெளிவந்து, 1976 இற் திரைப்படமாகவும் ஆக்கப்பட்ட நூல் அது. உபாலி, ஜின்னா என்னும் இருவர் வீட்டை விட்டு ஓடி, ஆளில்லாத் தீவொன்றிற் பயிர்செய்து வாழும் கதை. காடு வெட்டிக் குடியேறும் அநுபவத்தை எமது மாணவர் நேரில் அறிந்திருந்தனர். தென்னிலங்கைப் பிள்ளைகளும் தந்தையிடம் அடிவாங்குவர், பாடசாலைக்குக் கள்ளமடிப்பர் என்பதை அந்நூலிலேயே சிலர் முதன்முதலாக அறிந்தனர். எவ்வித உபதேசமுமின்றி ஒரு நாவல் இதனைச் செய்தது. செங்கை ஆழியானின் ‘ஆச்சி பயணம் போகிறாள்’ இன்னொன்று. அதனை வாசித்த வகுப்பறையிற் கேட்ட சிரிப்பு, அப்பாடசாலையில் அதற்குமுன் நான் கேட்டறியாதது.

வாங்கி வைப்பதோடு வேலை முடியவில்லை. ஸ்டீவன்சன் ‘புதையல் தீவு’ கதையை எழுதிய வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1881 இல், ஸ்கொட்லாந்தின் பிறேமார் என்னும் ஊரில் மழையினால் அடைபட்டிருந்த நாட்களில், மனைவியின் முன்னைய மணத்திற் பிறந்த பதின்மூன்று வயது மகனுடன் விளையாட்டாகத் தீவொன்றின் வரைபடத்தைத் தீட்டியதிலிருந்தே அக்கதை பிறந்தது. எழுதிய அத்தியாயங்களை வீட்டாருக்கு உரக்க வாசித்துக் காட்டினார். நானும் இம்முறையைப் பின்பற்றினேன். தமிழ்ப் பாடவேளையின் இறுதிப் பத்து நிமிடங்களில் ஒரு நூலை உரக்க வாசிப்பேன். இடர் நெருங்கும் இடத்தில் மணி அடிக்கும். நூலை மேசைமேல் விட்டுவிட்டு வெளியேறுவேன். திரும்பி வரும்போது நூல் மேசைமேல் இராது. பதிவேட்டிற் பெயர் எழுதாமலே எடுத்துச் சென்றிருப்பர். அதனைக் குற்றமாகக் கருதவில்லை.

அம்மாணவிக்கு என் சொந்த நூல் ஒன்றைக் கொடுத்தேன். சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’. மொஸ்கோவிலிருந்து மலிவு விலையிற் தமிழ் நூல்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், அதாவது 1991 இற் சோவியத் ஒன்றியம் கலைவதற்கு முன்னர், வாங்கிய பிரதி. கிர்கீசியக் கிராமமொன்றில் 1924 இல், தானே அரைகுறையாக எழுதப் படிக்கத் தெரிந்த துய்ஷேன் என்னும் இளைஞன் பழைய குதிரைலாயத்தைப் பாடசாலையாக்குகின்றான். உறவினர் வீட்டில் வேலைக்காரியைப் போல் வாழும் அநாதைப் பெண் அல்தினாய் அவனிடம் கற்கின்றாள். அவளை இரண்டாந் தாரமாக ஒருவனுக்கு விற்றுவிடுகின்றனர். ஆசிரியன் மீட்டு வருகின்றான்.

சக ஆசிரியை ஒருவர் இதனை அறிந்து என்னிடம் வந்தார். “சேர், பதினாலு வயசுப் பிள்ளைக்கு இந்தக் கதையே குடுக்கிறது? தாய் தகப்பன் கேட்டால் என்ன சொல்லப்போறியள்?” என்றார். அவர் கூற்றில் நியாயம் இருந்தது. நான் இரவு முழுவதும் சிந்தித்தேன். ஆயினும், அவ்வாண்டிலேயே எமது பத்தாம் வகுப்பு மாணவியர் இருவர் திருமணத்திற்காகப் பாடசாலையை விட்டு நிறுத்தப்பட்டிருந்தனர். நூலில் மறைத்த ஒன்றை அப்பிள்ளை பக்கத்து வீட்டிற் கண்டுகொண்டிருந்தாள். மறைப்பதாற் காப்பாற்றப்படுவது அவளது வெகுளித்தனம் அன்று. நமது நிம்மதியே என்று எனக்குப் பட்டது. கொடுமையைக் காட்டும் நூல், அதனின்று மீளும் வழியையும் காட்டுமாயின் அது கொடுக்கத்தக்கதே என்று ஆசிரியையிடம் கூறினேன். அவர் முழுவதும் உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை.

மாணவி அந்நூலை வாசித்து முடிக்க ஐந்து வாரம் சென்றது. நான் ஒரு வினாவும் கேட்கவில்லை. சுருக்கம் எழுதுமாறு பணிக்கவுமில்லை. ஒருநாள் இடைவேளையில் தானாக வந்தாள்.

“சேர், அல்தினாய் பெரிய ஆளாய் வந்தாப்பிறகு ஊரிலை புதுப் பள்ளிக்கூடம் திறக்கினம். அந்தக் கிழவன் வாத்தியார் அப்பவும் கடிதம் குடுத்துக்கொண்டு திரியிறார். மற்றவை அவரைச் சொல்லிச் சிரிக்கினம். அவ ஏன் சேர் உடனை எழும்பி ஒண்டும் சொல்லேல்லை?”

அக்கதையின் நடுநாடி அவ்வினாவே. திறனாய்வு கற்ற நான், பலமுறை வாசித்த அக்கதையை அவ்விடத்தில் நிறுத்திப் பார்த்ததில்லை. “அதுதான் அவவுக்கும் வெக்கம், பிள்ளை. அதுக்காகத்தான் அந்தக் கதையையே எழுதச் சொல்லுறா” என்றேன். அவள் சற்று நேரம் நின்றாள். “ஓம், பிந்தித்தான் சொன்னவ” என்று கூறிச் சென்றாள்.

அவள் பின்னர் பெரும் படிப்பாளியானாள் என்று எழுத விருப்பந்தான். உண்மை அதுவன்று. சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்திற் சித்தியடையவில்லை. மறுவருடம் மீண்டும் தோற்றினாள் என அறிந்தேன். 2015 இல் நான் ஓய்வுபெற்றதன் பின் அவளைப் பற்றிய செய்தி கிடைக்கவில்லை. ஓய்வுபெறுமுன் நூலகக் கணக்கெடுப்பு நடந்தபோது, ‘மடோல் தூவ’ உட்பட நான்கு நூல்கள் அவள் பெயரில் மீளாதிருந்தன. அவற்றின் விலையை நான் செலுத்திக் கணக்கை முடித்தேன். ‘முதல் ஆசிரியர்’ எந்தப் பதிவிலும் இல்லை. அதுவும் அவளிடமே உள்ளது.

இச்சஞ்சிகையை வாசிக்கும் மாணவ நண்பருட் பலர் நாளை ஆசிரியராகச் செல்வர். அவர்க்குக் கூற விரும்புவது சிறிதே. நூல் வாங்கப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் அவ்வயதில் ஒளித்து வாசித்தது எது என்பதை முதலில் நினைவுகூருங்கள். பிடிக்காத நூலைப் பாதியில் வைத்துவிட அவர்களுக்கு உரிமை கொடுங்கள். ஈழத்து நூல்கள் அச்சில் இல்லை என்று கைவிரியாதீர்கள். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் இணையத்தளத்திற் பழைய பிரசுரங்கள் பல வாசிக்கக் கிடைக்கின்றன. எழுதும் ஆற்றலுள்ளோர், பெயரில்லாத அப்பருவத்தினர்க்காக ஒரு நூலேனும் எழுதுங்கள். இரவல் பதிவேட்டில் மீளாத நூல் ஒன்றைக் காணும்போது உடனே தண்டம் அறவிடாதீர்கள். அந்நூல் எங்கே இருக்கின்றது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.