சிறுத்தைப் பல்லிகளை இணைசேர்க்கும் தொழில்

சிறுத்தைப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஆகிய பகுதிகளில் வறண்ட கல்நிலங்களில் வாழும் இரவாடி. எட்வர்டு பிளைத் 1854இல் இதை விவரித்துப் பெயரிட்டார். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு இது தூரத்து உறவு. விரலடியில் ஒட்டும் தகடுகள் இல்லாததால் இதனால் சுவரேற முடியாது. இமை இருப்பதால் கண்ணை மூடித் திறக்கும். தடித்த வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு இரை கிடைக்காத நாட்களைக் கடத்தும். சாதுவான குணமும் சிறு இடத்தில் வாழும் இயல்பும் இதை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு வளர்ப்புப் பிராணியாக்கின. அங்கே விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் கூண்டில் பிறந்து கூண்டில் வளர்ந்தவை. ஜெர்மனியின் ஹாம் நகரிலும் இல்லினாய் மாநிலத்தின் டின்லி பார்க்கிலும் கூடும் ஊர்வனச் சந்தைகளில் மேசை மேசையாக அடுக்கிவைத்து விற்கப்படும் இப்பல்லிகளுக்குப் பின்னால் வீட்டு நிலவறைகளில் நடக்கும் ஒரு கைத்தொழில் இருக்கிறது.

இக்கட்டுரைக்காகப் பார்க்கப்பட்ட கூடமும் அப்படியொரு நிலவறைதான், சிகாகோவின் புறநகர் ஒன்றில். வெளியே பனி கொட்டும் காலத்திலும் உள்ளே உடுத்திய கம்பளியைக் கழற்ற வேண்டியிருக்கும். சுவரோரம் இழுப்பறைகளைப் போலத் தட்டுகள் அடுக்கிய ரேக்குகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பல்லி. தட்டின் பின்பாதிக்கு அடியில் வெப்பப் பட்டை ஓடுகிறது. அங்கே தரை 32 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், முன்பாதி குளிர்ந்திருக்கும். ஒளிந்துகொள்ளச் சூடான பக்கம் ஒரு மறைவிடம், குளிர்ந்த பக்கம் ஒன்று, சட்டை உரிக்க ஈரப்பாசி இட்ட டப்பா ஒன்று. வளர்ப்பவர் பகலில் வேறு வேலை பார்க்கிறார். மாலையில் மனைவியும் கூடச் சேர்ந்து இரை போடுவதும் எச்சம் அள்ளுவதும் தண்ணீர் மாற்றுவதுமாக இரவு கழிகிறது. இணைசேர்ப்பு என்பது வேலையில் மிகச் சிறிய பங்கு. கூடத்தில் மிகுதியாகப் புழங்கும் கருவி சமையலறைத் தராசு. தட்டுதோறும் செருகிய அட்டையில் பிறந்த தேதி, தாய் தகப்பன், எடை, கடைசியாகச் சட்டை உரித்த நாள், எந்த ஆணோடு எப்போது சேர்த்தது என்பதெல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறது. அட்டை இல்லாமல் நினைவை நம்பி இத்தொழில் செய்பவரிடம் பல்லி வாங்காதிருப்பது நல்லது.

முதல் வேலை ஆண் பெண் அறிவது. வளர்ந்த பல்லியைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டு அடியிலிருந்து பார்த்தால் போதும். ஆணுக்குக் கழிவாய்க்கு முன்னால் தலைகீழ் ‘வி’ வடிவில் ஒரு வரிசைத் துளைகள். அவற்றில் மெழுகு போன்ற பொருள் துருத்தி நிற்கும். கழிவாய்க்குப் பின்னால், வாலின் அடியில் இரண்டு புடைப்புகள் உண்டு. ஆணின் இரட்டைக் குறிகள் அங்கேதான் உள்ளிழுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. பெண்ணுக்கும் துளைத் தடங்கள் உண்டு, ஆனால் மங்கலாகவும் மெழுகில்லாமலும் இருக்கும். குட்டிகளில் இந்த வேறுபாடு தெளிவாகாது. தவறாகக் கணித்து இரண்டு ஆண்களை ஒரே தட்டில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஒன்று சாகவும் கூடும். ஐயம் இருக்கும்வரை தனித்தனியே வைப்பதுதான் கூடங்களின் வழக்கம்.

புதிதாக வாங்கிய பல்லியை உடனே இணைசேர்ப்பதில்லை. குறைந்தது மூன்று மாதம், இயன்றால் வேறு அறையில், தனித்த கருவிகளோடு வைத்துப் பார்க்கிறார்கள். அஞ்சுவது கிரிப்டோஸ்போரிடியம் என்னும் குடல் ஒட்டுண்ணிக்கு. இது தாக்கிய பல்லி தின்றாலும் இளைக்கும். தடித்த வால் குச்சியாகிவிடும். முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை, சாதாரணக் கிருமிநாசினிக்கும் எளிதில் அடங்காது. ஒரு பல்லியால் ஒரு கூடமே அழியலாம் என்பதால் எச்சத்தை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்த பிறகே மற்றவற்றோடு பழகவிடுகிறார்கள்.

பெண்ணின் தகுதியை வயதை மட்டும் வைத்து முடிவுசெய்வதில்லை. ஓராண்டு ஆகும் முன்பே உடல் முட்டைக்குத் தயாராகலாம். ஆனால் வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து அப்போது முட்டைக்குப் போய்விடும். 50 கிராமுக்குக் குறைந்த பெண்ணைப் பெரும்பாலோர் சேர்ப்பதில்லை. ஒன்றரை வயது ஆகட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. வால் கழுத்தளவாவது தடித்திருக்க வேண்டும். ஒரு பருவத்தில் நான்கைந்து முறை, சில சமயம் அதற்கு மேலும், முறைக்கு இரண்டாக முட்டையிடப் போகும் உடல் அது. ஓட்டுக்குத் தேவையான கால்சியம் இரையில் கிடைக்காவிட்டால் சொந்த எலும்பிலிருந்து கரையும்; தாடை மெலிந்து கால் வளைந்துபோகும். அதனால் சுவர்க்கோழி, மாவுப்புழு, டுபியா கரப்பான் என எந்த இரையையும் முதலில் காய்கறியும் தவிடும் கொடுத்துக் கொழுக்க வைத்து, கால்சியத் தூளில் புரட்டிய பின்பே போடுகிறார்கள். வெறும் கால்சியம் நிரப்பிய மூடி ஒன்றும் தட்டில் எப்போதும் இருக்கும். வேண்டிய பெண் தானே வந்து நக்கிக்கொள்ளும்.

வட அமெரிக்கக் கூடங்களில் பருவம் ஏறத்தாழ ஜனவரியில் தொடங்கிச் செப்டம்பர் வரை நீள்கிறது. அதற்குமுன் சில வாரங்கள் வெப்பத்தையும் வெளிச்சத்தையும் குறைத்து இவற்றின் தாய்நிலத்துக் குளிர்காலத்தை ஒப்பேற்றுகிறார்கள். குளிர்ந்த வயிற்றில் இரை செரிக்காது என்பதால் அதற்கு முன்பே குடலைக் காலியாக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்தவற்றுக்கு இந்தக் குளிரூட்டல் கட்டாயமில்லை. இளைத்த பல்லியைக் குளிரூட்டுவதோ வெறும் ஆபத்து.

சேர்க்கும் நாளை வயிறு சொல்லும். பெண்ணை மெல்லத் தூக்கி விளக்கொளியில் பார்த்தால், அடிவயிற்றுத் தோலுக்குள் இளஞ்சிவப்பாக இரண்டு வட்டங்கள் தெரியும். சூலகத்தில் வளரும் கருவணுக்கள் அவை. இவ்வட்டங்கள் தென்படாத பெண்ணை ஆணிடம் விடுவதில் பெரும்பாலும் பயனில்லை, கடிபடுவதுதான் மிச்சம்.

சந்திப்பு மாலையில் நடக்கிறது, பல்லிகள் விழிக்கும் நேரத்தில். பல கூடங்களில் பெண்ணை எடுத்து ஆணின் தட்டில் விடுகிறார்கள். தன் வாசம் படிந்த இடத்தில் ஆண் தயங்காது என்பது காரணம். நடுநிலையான மூன்றாம் பெட்டியே நல்லது என்பவர்களும் உண்டு. எதுவானாலும் உள்ளே இருக்கும் மறைவிடங்களை முன்னதாக எடுத்துவிட வேண்டும். மறைவிடத்துக்குள் நடப்பதை மேலிருந்து பார்க்க முடியாது. பிரித்தெடுக்கக் கையும் நுழையாது.

பெண்ணின் வாசம் பட்டதும் ஆண் வால் நுனியை மிக வேகமாக அதிரவைக்கும். வால் பிளாஸ்டிக் தரையில் பட்டுக் கடகடவென்று ஒலிப்பது அறையின் மறுகோடிக்கும் கேட்கும். பெண்ணைக் கண்டபின் எழும் ஒலி இது. எதிரே ஆண் நின்றால் அது எழாது. எதிர் ஆணைக் கண்ட ஆண் கால்களை நிமிர்த்தி, முதுகை வளைத்து, உடலை உயர்த்திக் காட்டும். வால் மெதுவாக, அலையலையாக அசையும். அதிரும் வாலையும் அலையும் வாலையும் பிரித்தறியத் தெரியாதவர் இந்த வேலையைத் தனியாகச் செய்யக் கூடாது.

அதிர்ந்த பிறகு ஆண் நெருங்கி நக்கும். வாலை, விலாவை, கழுத்தைக் கவ்வும். இந்தக் கவ்வல் முதன்முறை பார்ப்பவரைக் கலங்கடிக்கும். கையை உள்ளே விடத் தோன்றும். விடக் கூடாது. இசைந்த பெண் அசையாமல் நின்று வாலைத் தூக்கிக் கொடுக்கும். ஆண் பிடரித் தோலைக் கவ்வியபடி பக்கவாட்டில் உடலை ஒட்டி, வாலுக்கடியில் தன் வாலைச் செலுத்தும். ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். விலகியதும் ஆண் தன் கழிவாயை நக்கித் துடைத்துக்கொள்ளும். இது நடந்தால் சேர்க்கை முடிந்தது என்று அட்டையில் குறிக்கலாம்.

இசையாத பெண் ஓடும், கிறீச்சிடும், திரும்பிக் கடிக்கும். பெண் பலமுறை விலகியும் ஆண் விடாமல் துரத்தினாலோ, தோல் கிழிந்தாலோ, பெண் வாலை உயர்த்தி மெல்ல ஆட்டத் தொடங்கினாலோ உடனே பிரிக்க வேண்டும். தாமதித்தால் பெண் வாலைக் கழற்றிப் போட்டுவிடும். அதோடு பருவத்துக்குச் சேர்த்த கொழுப்பும் போய்விடும். புது வால் வளரும், ஆனால் குட்டையாக, உருண்டையாக, வளையங்கள் இல்லாமல். இசையாத இணையைச் சில நாள் கழித்து மறுபடி முயலலாம். அன்றே வற்புறுத்துவதில் பொருளில்லை.

அட்டையில் சட்டை உரித்த நாள் எழுதப்படுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஆண் துணையை அடையாளம் காண்பது கண்ணால் அல்ல, நாக்கால். பெண்ணின் தோலில் உள்ள வேதிப்பொருட்களை நக்கித்தான் பெண் என்று தெளிகிறது. சட்டை உரியும் வேளையில் அந்த அடையாளம் குலைகிறது. அப்போது ஆண் பெண்ணை எதிரியாகவே நடத்தித் தாக்குவதை மேசன், கட்ஸ்கி என்னும் ஆய்வாளர்கள் 1990இல் பதிவுசெய்தனர். தோல் வெளிறத் தொடங்கிய பெண்ணைச் சேர்க்கலாகாது என்பது இன்று கூடங்களில் எழுதாத சட்டம்.

சேர்ந்த பின் இரண்டையும் ஒரே தட்டில் விட்டுவைக்கலாமா என்பதில் வளர்ப்போரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஓர் ஆணையும் சில பெண்களையும் பருவம் முழுதும் ஒன்றாக விடுவது வேலையை மிச்சப்படுத்தும். ஆனால் பெண்ணுக்கு ஓய்வில்லை. எது தின்றது, எது இளைத்தது என்பதும் தெரியாது. பெண் விந்துவைப் பல வாரங்கள் உடலில் சேமித்துவைத்து அடுத்தடுத்த முட்டைகளுக்குப் பயன்படுத்தும். ஆகவே ஓரிரு சந்திப்புகளே ஒரு பருவத்துக்குப் போதுமாகிவிடுவதுண்டு. தனித்து வைப்பதே சரியான முறை. பிரித்தபின் பெண்ணின் பிடரியில் காயமுண்டா, ஆணின் குறி உள்ளே திரும்பியதா என்று பார்ப்பார்கள். குறி வெளியே தொங்கி உலர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். பருவ வேகத்தில் இரையை மறக்கும் ஆணின் எடையும் கவனிக்க வேண்டியதே.

மூன்று நான்கு வாரத்தில் முட்டை வரும். பெண் தரையைத் தோண்டித் தோண்டி அலையும்போது ஈரத் தென்னைநார்த் தூள் நிரப்பிய டப்பாவை வைப்பார்கள். தகுந்த இடமில்லாவிட்டால் முட்டையை அடக்கி வைத்துப் பெண் சாகவும் கூடும். எடுத்த முட்டையைப் புரட்டாமல், மேற்புறத்தில் பென்சிலால் குறியிட்டு, ஈர வெர்மிகுலைட்டில் பதித்து இன்குபேட்டரில் வைக்கிறார்கள்.

குட்டி ஆணா பெண்ணா என்பதை இன்குபேட்டரின் வெப்பம் தீர்மானிக்கிறது. 26 டிகிரியில் பிறப்பவை ஏறத்தாழ அனைத்தும் பெண், 32.5 டிகிரியில் பெரும்பாலும் ஆண். 34 டிகிரியை எட்டினால் மறுபடி பெரும்பாலும் பெண். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் குரூஸ் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். அதிக வெப்பத்தில் பிறந்த பெண்கள் மற்ற பெண்களைவிட மூர்க்கமாக இருப்பதையும் கண்டார்கள். இத்தகைய பெண்ணை ஆணிடம் விடும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. குஞ்சு வெளிவரும் காலமும் வெப்பத்தைப் பொறுத்ததே: சூட்டில் ஒன்றரை மாதம், குளிர்ச்சியில் இரண்டு மாதத்துக்கு மேல்.

எந்த ஆணை எந்தப் பெண்ணோடு என்ற தேர்வில்தான் தொழிலின் பணமும் பழியும் இருக்கின்றன. சந்தை கேட்பது நிறம். டிரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என்ற மூன்று வெளிறிய மரபுகள் பார்க்க ஒத்திருந்தாலும் ஒன்றோடொன்று சேராதவை. கலந்தால் குட்டிகள் சாதாரண நிறத்தில் பிறக்கும். வம்சாவளி தெரியாத பல்லியைச் சேர்ப்பவர் வாங்குபவரை ஏமாற்றுகிறார். இது சிறு தவறு. ‘எனிக்மா’ மரபில் தலை சாய்ந்து வட்டமிடும் நரம்புக் கோளாறு தொடர்கிறது. எலுமிச்சை மஞ்சள் மின்னும் ‘லெமன் ஃபிராஸ்ட்’ பெரும் விலைக்குப் போயிற்று. பின் தோலில் வெண்கட்டிகள் தோன்றலாயின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் லியோனிட் குருக்லியாக் ஆய்வகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு, அந்த நிறத்துக்கும் கட்டிக்கும் ஒரே மரபணுப் பகுதியே காரணம் என்றது. இம்மரபு உள்ளவற்றில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் கட்டி கண்டன. நிறத்தை மட்டும் பிரித்தெடுக்க வழியில்லை. அறிந்த பின்னும் அவற்றை இணைசேர்ப்பதைத் தொழில்திறமை என்று சொல்ல முடியாது.

ஒரு பெண் ஒரு பருவத்தில் பத்துக் குஞ்சுகள் தரலாம். ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு, தனி இரை, தனி வெப்பம் வேண்டும். சாதாரண நிறத்துக் குஞ்சின் விலை வளர்த்த செலவுக்கே ஈடாகாது. பத்துத் தட்டுக்கு இடமும், விற்காத குஞ்சுகளை ஆயுள் முழுதும், இருபது ஆண்டுகூட ஆகலாம், வைத்துக் காக்கும் எண்ணமும் இல்லாதவர்கள் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே வைத்திருக்கட்டும்.