ஒரே பாதையில் இரண்டு ஊர்கள்

பெங்களூரிலிருந்து கிழக்கே செல்லும் இருப்புப்பாதை வழியில் ஐரோப்பியச் சாயல் படிந்த ஊர்கள் இரண்டு உள்ளன. ஒன்று ஒயிட்ஃபீல்டு, மற்றொன்று கோலார் தங்கவயல். இவ்விரண்டு ஊர்களுக்கும் பயணச்சீட்டு கொடுத்துப் பழகிய நமக்கு, இரண்டையும் ஒரே நாளில் கண்டுவர வேண்டுமென்னும் ஆவல் நெடுநாளாக இருந்தது. சென்ற மாதம் ஒரு விடுமுறை நாளில் அது நிறைவேறிற்று.

ஒயிட்ஃபீல்டு, 1882ஆம் ஆண்டில் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் அளித்த ஏறத்தாழ 3,900 ஏக்கர் நிலத்தில், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பயிர்செய்து வாழ்வதற்கென எழுந்த குடியிருப்பாகும். அதற்காக முயன்ற ஒயிட் என்பாரின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. நடுவே திறந்த வெளி. அதனைச் சுற்றி வட்டச் சாலை. சாலையோரம் தோட்டத்துடன் கூடிய ஓட்டு வீடுகள். இதுவே அதன் அமைப்பு. அப்பழைய வீடுகளுள் இன்று சிலவே எஞ்சியுள்ளன. சுற்றிலும் கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள். 2023இல் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது.

பங்காரப்பேட்டையில் கிளைப்பாதைக்கு மாறித் தங்கவயல் சென்றோம். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலைப் பெருக்கிய ஊர் இது. 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து இங்கு மின்சாரம் வந்தது. துரைமார்களின் பங்களாக்களையும் கிளப்பையும் கண்டோர் இதனைச் ‘சின்ன இங்கிலாந்து’ என்றனர். ஆனால், மூன்று கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில் இறங்கிப் பாறையை உடைத்தவர் யாவர்? வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து வந்த நம்மவரே பெரும்பாலோர். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவரும் அவர்களே. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் மட்டும் குன்றுகளாய் நிற்கின்றன.

பங்களா ஒன்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, முதியவர் ஒருவர் அருகில் வந்தார்.

“தம்பி, துரை வீட்டைப் படம் பிடிக்கிறீங்க. நம்ம லைன் வீட்டையும் ஒண்ணு பிடிங்க. அதுவும் அந்தக் காலத்ததுதான்” என்றார்.

நாம் நாணினோம். நம் பாட்டனாரும் குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து இச்சுரங்கத்தில் உழைத்தவரே. எந்தச் சுரங்கவாயில் வழி இறங்கினார், எந்த லைனில் குடியிருந்தார் என்பதை நாம் ஒருநாளும் கேட்டறிந்ததில்லை. கேட்டிருந்தால் சொல்லக்கூடிய தந்தையாரும் இன்றில்லை.

ஒயிட்ஃபீல்டு தன்னைத் தோற்றுவித்தவரின் பெயரால் வாழ்கிறது. தங்கவயலைத் தோண்டியவர்களின் பெயர்களோ அவரவர் வீட்டு நினைவில் மட்டுமே உள்ளன. பங்களாக்களைப் போற்றவேண்டியதுதான், பத்தடி அறையில் குடும்பம் நடத்தியவர்களின் வரலாறும் அவ்வாறே போற்றத்தக்கதன்றோ?

மாலை வண்டியில் திரும்பினோம். இன்றும் தங்கவயல் மக்கள் பலர் விடியுமுன் எழுந்து, இதே பாதையில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகின்றனர்.

அன்பர்களே, உங்கள் இல்லத்தில் சுரங்கத்தில் உழைத்த பெரியவர் இருப்பின், இன்றிரவே அவரருகில் அமருங்கள். ஊர், ஆண்டு, லைன் ஆகியவற்றைக் கேட்டு ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாம் தவறவிட்டதை நீங்களும் தவறவிட வேண்டாம்.